அண்ணா கொட்டிய ரீஸ்லிங்

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

ஆபீஸ் வேலையாக ஒருமுறை ஜெர்மனிக்குப் போயிருந்தேன். லீவு நாளில் ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டம் ஒன்றைப் பார்க்கப் போனபோது, அங்கே ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினை ருசிக்கக் கொடுத்தார்கள். இனிப்பானது; போதை பீரைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். எனக்குப் பிடித்துப்போய் இரண்டு பாட்டில் வாங்கினேன். விற்ற பெண் சொன்னாள்: "ஒன்றை இப்போதே குடித்துவிடு. மற்றதைப் பத்து வருஷமாவது தொடாதே. பழசானால் பெட்ரோல் மாதிரி ஒரு வாடை வரும். கெட்டுப்போச்சு என்று நினைத்துவிடாதே."

முதல் பாட்டிலை, எங்கள் பாலிகஞ்ச் வீட்டில், நானும் என் கணவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திறந்தோம். நாக்கில் மெல்லிய குறுகுறுப்பு. பச்சை ஆப்பிள், இங்கே வங்காளிகள் சோற்றில் பிழியும் கந்தராஜ் எலுமிச்சையைக் கிள்ளினால் வரும் மணம், பின்னால் தித்திப்பு. தித்திப்புத் திகட்டுவதற்குள் புளிப்பு வந்து வாயைக் கழுவிவிட்டுப் போயிற்று. நாங்கள் சிரித்துக்கொண்டே குடித்தோம்.

அன்று அதே ஊரின் அலிப்பூர் பகுதியிலிருந்து என் அண்ணாவும் வந்திருந்தான். பெரிய கம்பெனியில் பெரிய பதவி. க்ளப்பில் விஸ்கியைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால் நாலு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"சே! இது வெறும் சர்பத்துடீ. இதைப் போய் சுமந்துண்டு வந்தயா?" என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நம்மாத்துப் பொண்ணு குடிக்கறான்னு வெளில சொல்லிண்டு திரியாதே," என்றான். அவன் குடித்தால் ரசனை. நான் குடித்தால் மானம் போய்விடும்.

இரண்டாவது பாட்டில் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் படுத்துக்கிடந்தது. ஃப்ரிட்ஜை மாற்றியபோதுகூட ஐஸ் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினேன். நான் ரிடையர் ஆகும் நாளில் திறப்பது என்று நானும் அவரும் பேசி வைத்திருந்தோம்.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகி அந்த நாளும் வந்தது. அண்ணாவையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். பாட்டிலை மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டு, நாங்கள் பௌதி என்று கூப்பிடும் பின்பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் இனிப்புக் கொண்டுவந்திருந்தாள் என்று வாசலுக்குப் போனேன். அவளோடு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். திரும்பி வந்தால் சமையலறைத் தொட்டியில் அண்ணா பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தங்க நிறத்தில் அது குழாயடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

"என்ன பண்றே?"

"மூடியைத் தொறந்தேன், ஒரே மண்ணெண்ணெய் நாத்தம். அழுகிப் போயிடுத்து. குடிச்சா வயித்தைக் கெடுத்துடும்."

பாட்டிலைப் பிடுங்கினேன். கால்வாசிதான் மிச்சம்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டயா?"

"இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு? எனக்குத் தெரியாதா?"

அந்த 'எனக்குத் தெரியாதா'வைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்திருந்தது. நான் கெமிஸ்ட்ரி படிக்க ஆசைப்பட்டபோது அப்பாவிடம் காமர்ஸ்தான் சரி என்று அவன் சொன்னது அப்படித்தான். அம்மாவுக்கு என்ன வியாதி என்பதைக் கடைசிவரை அவளிடமே சொல்லக்கூடாது என்று அவன் முடிவு செய்ததும் அப்படித்தான்.

"இது பழசானா இப்படித்தான் மணக்கும். எனக்குத் தெரியும். நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ என்னிக்குமே கேட்டதில்லை," என்று கத்தினேன். பக்கத்து ஃப்ளாட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

என் கணவர் ஓடிவந்தார். "விடேன், ஒரு பாட்டில்தானே," என்றார்.

"நீங்க சும்மா இருங்கோ. அவன் கொட்டறச்சே ஹால்லதானே உக்காந்திருந்தேள்?"

அண்ணா செருப்பை மாட்டிக்கொண்டு, சாப்பிடாமலே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் தடுக்கவில்லை.

மிச்சத்தை இரண்டு கிளாஸில் ஊற்றினேன். முதலில் ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊற்றியது போன்ற அதே வாடை. கொஞ்சம் பொறுத்து முகர்ந்தால் தேன், வெயிலில் உலர்ந்த ஆரஞ்சுத்தோல், இஞ்சி. குறுகுறுப்பு போய்விட்டிருந்தது. தித்திப்பும் அடங்கிவிட்டிருந்தது, சர்க்கரை அதே அளவுதான் இருக்கும், ஆனால் நாக்கில் அது முன்போல முந்திக்கொண்டு வரவில்லை. விழுங்கிய பிறகும் வெகுநேரம் வாயிலேயே நின்றது. இவ்வளவு நன்றாக இருந்ததுதான் என் ஆத்திரத்தைக் கூட்டியது. இன்னும் முக்கால் பாட்டில் இதேபோல இருந்திருக்கும்.

"அன்னிக்குக் குடிச்சதுதானா இது?" என்றார் அவர், மெதுவாக.

"அதேதான்," என்றேன். அவர்மேலும் எனக்குக் கோபம் தீரவில்லை.

இரண்டு நாள் கழித்து அண்ணா போன் செய்தான். "எதுக்குடீ இத்தனை ரகளை? ட்யூட்டி ஃப்ரீல வேற ஒண்ணு வாங்கித் தரச் சொல்றேன்."

"இன்னிக்கு வாங்கினா பத்து வருஷம் கழிச்சுதான் அப்படி ஆகும். எனக்கு அப்போ என்ன வயசு, யோசிச்சியா?"

மன்னிப்பு என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன். "சரி, உடம்பைப் பார்த்துக்கோ," என்று வைத்துவிட்டான். பூஜைக்கு அவன் வீட்டுக்கு வரச்சொல்லி மன்னி கூப்பிட்டாள். நான் போகவில்லை.