ஒரு சாண் தூரம்

லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த அன்டனுக்குத் தேயிலை மலை என்றாலே ஆகாது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கையில் கொடுத்தால் காய்ச்சல் வந்துவிடும், அப்படி ஓர் உடம்பு. பதினெட்டு வயதில் நுவரெலியாவுக்கு பஸ் ஏறியவன், கோல்ப் ஆட வருகிறவர்களின் பையைச் சுமக்கும் கெடி வேலையில் ஒட்டிக்கொண்டான். மலையில் சுமைக்குப் பயந்தவன் புல்தரையில் சுமை தூக்கினான். சுமையின் சொந்தக்காரர் கையை வீசிக்கொண்டு கூடவே வருவார் என்பதுதான் இங்கே வித்தியாசம்.

பார்த்துப் பார்த்து ஆட்டமும் பிடிபட்டது. யாரோ விட்டுப்போன பழைய மட்டைகளை வைத்துக்கொண்டு, வேலையில்லாத நாட்களில் அடித்துப் பழகினான். பந்து நன்றாகத்தான் பறக்கும். எங்கே போய் விழும் என்பது பந்துக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இந்த வருஷம் வரை. புதிதாகக் கட்டிய ஹோட்டல் ஒன்றில், விருந்தாளிகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டார்கள். மாதச் சம்பளம், மழைக் காலத்திலும் வேலை. வருஷத்தில் ஒரு நாள் கெடிமார் தங்களுக்குள் ஆடும் போட்டியில் எவன் ஜெயிக்கிறானோ அவனுக்கே அந்த இடம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

அன்டனின் மனைவி சிசிலி டவுனை ஒட்டிய தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். அவள் அப்போது குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக எல்லாம் முடித்து வைத்திருந்தாள். பாஸ்போர்ட் வந்துவிட்டது, மெடிக்கலும் முடிந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் வந்து குவியும் ஏப்ரல் சீசன் கழிந்தால் கெடியின் பிழைப்பு ஈரத் துணி மாதிரி, பிழியப் பிழிய ஒன்றும் வராது. மகள் ஷெரோமியை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு நிலைமை இன்னும் இறுகிவிட்டது. போகப் பிரியமில்லாமல்தான் அவள் புறப்படத் தயாரானாள்.

“அந்த வேல உங்களுக்குக் கெடச்சிட்டா நான் போகலைங்க. ஏஜென்சிக்காரன்கிட்ட நானே சொல்லிடுறேன்,” என்றாள்.

அன்றிலிருந்து அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கிடந்த துண்டு நிலம் மைதானமானது. டின்பால் டின் ஒன்றை மண்ணில் புதைத்துக் குழி செய்தாள் சிசிலி. வேலை விட்டு வந்ததும் கொழுந்துப் பையைக்கூட இறக்காமல் அவனை நிற்கவைத்துப் பார்ப்பாள். அவளுக்கு ஆட்டம் தெரியாது. ஆனால் கட்டிய புருஷனின் உடம்பு தெரியும்.

“ஏங்க அந்த ஸ்டிக்க இந்தப் புடி புடிக்கிறீங்க? கழுத்து நரம்பெல்லாம் பொடைக்குதே. லேசா புடிங்க.”

பிடியைத் தளர்த்தினான். பந்து நேராகப் போனது.

“அடிக்க முன்னாடியே அது எங்க போவுதுன்னு அண்ணாந்து பாக்குறீங்க. போற பந்து போவட்டும். தலையக் குனிஞ்சே நில்லுங்க.”

குனிந்தே நின்றான். அதற்குப் பிறகு பந்து பக்கத்து வீட்டுக் கோழிகளைத் துரத்துவது நின்றது. அடியை அவசரப்படாமல், சின்னதாக, ஒரே சீராக அடிக்கப் பழகினான். டின்னுக்குள் பந்து விழுகிற சத்தம் கேட்டால் ஷெரோமி வீட்டுக் காம்பராவுக்குள் இருந்தே கைதட்டுவாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மாதிரிச் சாயந்தரங்கள் அவர்களுக்கு வாய்த்ததில்லை. சிசிலி சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்க்கவே அவன் இன்னொரு பந்தை எடுத்து வைப்பான்.

போட்டியன்று அன்டன் ஆடியதைப் பார்த்து மற்றக் கெடிமார் வாய் பிளந்தார்கள். கடைசிக் குழிவரை அவனோடு ஈடுகொடுத்து வந்தவன் இறம்பொடைக்காரன் அழகன் ஒருவன்தான். அழகன் ஆடி முடித்துவிட்டு ஒதுங்கி நின்றான். அன்டனின் பந்து குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அதைத் தட்டிவிட்டால் அழகன் அடித்ததைவிட ஓர் அடி குறைவு, அவன்தான் முதல். ஷெரோமிகூடக் கண்ணை மூடிக்கொண்டு தட்டியிருப்பாள்.

பொழுதுபோக்க ஆட வருகிற கனவான்கள் அவ்வளவு கிட்டே வந்த பந்தைத் தட்டுவதில்லை. அது விழுந்த மாதிரித்தான் கணக்கு. கெடி குனிந்து அதை எடுத்து, துடைத்து, அவர்கள் கையில் கொடுத்துவிடுவான். அன்டன் அப்படி எடுத்துக் கொடுத்த பந்துகளைக் கொட்டினால் ஒரு கொழுந்து லொறி நிறையும். போட்டியில் பந்து குழிக்குள் விழுந்தே ஆகவேண்டும். இது அன்டனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பாழாய்ப்போன அந்தக் கைக்குத்தான் தெரியவில்லை.

குனிந்தான். பந்தை எடுத்தான். தோளில் கிடந்த துவாயால் துடைத்தான். பக்கத்தில் நீட்டினான். வாங்க அங்கே யாரும் இல்லை.

“அண்ணே! என்னாண்ணே செஞ்சிட்டீங்க!” என்று அழகன் கத்திவிட்டான்.

நடுவராக நின்றவர் நல்ல மனுஷர். முகத்தைச் சுளித்துக்கொண்டே, “தண்டமா ஒரு அடி கூடுது, அன்டன். பந்தத் திரும்ப அதே இடத்துல வைங்க,” என்றார்.

இப்போது இருவரும் சமம் என்றாகிவிட்டது. இந்தச் சாண் தூரத்தைத் தட்டினால் மறுபடி ஆடிப் பார்க்கலாம். ஆனால் அன்டன் மட்டையைப் பழையபடி இறுக்கிப் பிடித்தான். பந்து குழியின் விளிம்பைத் தொட்டுவிட்டு அப்பால் போனது. ஜெயித்த அழகன் புல்லில் உட்கார்ந்துவிட்டான். அவனாலும் சந்தோஷப்பட முடியவில்லை.

வீட்டில் சிசிலி ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். நடந்ததை அன்டன் ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் கை நிற்கவில்லை.

“யாருக்குங்க எடுத்துக் குடுத்தீங்க?” என்று கேட்டாள்.

குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். தட்டை எடுத்து எறிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் ரொட்டியைச் சுட்டு, முதல் ரொட்டியை அவனுக்கு வைத்தாள். அவன் அதை மகள் பக்கம் தள்ளி வைத்தான்.

குவைத்துக்குப் போகும் நாளில் கொழும்பு பஸ் காலையில் புறப்பட்டது. சிசிலி மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “அப்பா மேல கோவப்படக் கூடாது, சரியா?” என்று காதில் சொன்னது அன்டனுக்கும் கேட்டது. போகாதே என்று ஒரு வார்த்தை சொல்ல நெஞ்சு கிடந்து துடித்தது. அதைச் சொல்ல இனித் தனக்கு வாயில்லை என்று நினைத்தான். பஸ் நகர்ந்தபோது அவள் அழுதுகொண்டே கையைக் காட்டினாள். அவனும் காட்டினான்.

திரும்பி நடக்கும்போது ஷெரோமி அவன் கையைப் பிடித்திருந்தாள்.

“அப்பா, நீங்க ஜெயிச்சிருந்தா அம்மா போயிருக்க மாட்டாங்க, இல்ல?”

ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துக்கு ஒரு பொய்கூட வரவில்லை.

“ஆமாம்மா,” என்றான்.

ஷெரோமி கொஞ்ச தூரம் அப்படியே நடந்தாள். பிறகு அவன் கையை விட்டுவிட்டு, ரோட்டின் அந்தப் பக்கமாகப் போய்த் தனியாக நடந்தாள்.