கரண்டி மாமியார் கையில்

சத்துணவைப் பற்றிக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நானே கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் அரைவயிற்றோடு சாப்பாட்டிலிருந்து எழுந்துபோனேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நிறையத் தின்றால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகிவிடும் என்பது எங்கள் உத்தமபாளையம் வீட்டில் மாமியாரின் தீர்ப்பு. எங்கள் வயலில் நாற்று நட்ட கர்ப்பிணிகள் சோறு இல்லாமல் குறைத்து உண்டார்கள். நான் பானை நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு குறைத்து உண்டேன். படிப்பும் சம்பளமும் என்னுடையவை, கரண்டி அவருடையது.

ரத்தம் குறைவு, பிள்ளையும் சரியாக வளரவில்லை என்று டாக்டரம்மா திட்டி அனுப்பிய அன்று மதியம், கரண்டியைப் பிடுங்கி நானே பரிமாறிக்கொண்டேன். சோறு, பருப்பு, முட்டை, ஒரு கிண்ணம் முருங்கைக்கீரை.

மாமியார் பதறினார். “ஏத்தா, பிள்ள பெருத்தா வயித்தக் கிழிச்சிருவாக!”

“கிழிக்கட்டும் அத்தை. கிழிக்கிற வயிறு நிறைஞ்ச வயிறா இருக்கட்டும்.”

பிரசவம்வரை தினமும் அவர் கண்ணெதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். சுகப்பிரசவம், பிள்ளையும் நல்ல எடை. பார்க்க வந்தவர்களிடம் மாமியார் பெருமையாகச் சொன்னார்: “நான் மட்டும் அன்னைக்குச் சோத்தக் குறைக்கலைன்னா, இவளுக்குச் சுகப்பிரசவம் ஆகியிருக்குமா?”