ஆணியில் ஏறிய மாதா பாட்டு

பக்கவாதம் வந்து பிலோமினம்மாளின் வலது கை விழுந்தது 1958இல். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் கோயிலில் தமிழ்ப் பாட்டுகளுக்கு ஆர்மோனியம் வாசித்தவள். எழுந்து உட்கார முடிந்ததும் அவள் முதலில் கேட்டது, "ஞாயித்துக்கிழமை யாரு வாசிச்சா?"

"யாரும் வாசிக்கல," என்றார் கணவர் அருளானந்தம்.

அவர் கப்பல் பட்டறையில் ஃபிட்டர். பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடி அறையில் இருவரும் குடியிருந்தார்கள், பிள்ளைகள் இல்லை. அவளுடைய ஆர்மோனியத்தை எந்திரமே வாசிக்கும்படி செய்துவிடுவது என்று அவர் முடிவு செய்தார். பட்டறையில் கழித்த தேக்குக் கட்டையை லேத்துக்கார முகைதீன் உருளையாகக் கடைந்து கொடுத்தார். கைப்பிடியைச் சுற்றினால் உருளை சுழலும். அதில் அடித்த பித்தளை ஆணிகள் ஆர்மோனியக் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தும். துருத்தியும் அதே சுற்றில் இயங்கும்.

ஆணி எங்கே விழ வேண்டும் என்பது அவளுக்குத்தான் தெரியும். அவள் மாதா பாட்டை வரிவரியாகப் பாடினாள். அவர் உருளையில் சுற்றிய தாளில் பென்சிலால் புள்ளி வைத்தார்.

"அங்க இல்லங்க, இன்னும் கொஞ்சம் தள்ளி."

முதல் உருளையில் சுரங்கள் ஒன்றோடொன்று மோதின. இரண்டாவது காய்ந்து வெடித்தது. மூன்றாவதில் பாட்டு வந்தபோது மூன்று வருடம் ஓடியிருந்தது.

"நீ சுத்து பிலோமி. இடது கை போதும்."

அவள் சுற்றினாள். கோயிலில் வயதானவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் வேகத்தைக் குறைத்தாள். "நானே வாசிக்கிற மாதிரி இருக்குங்க," என்று அழுதாள்.

செப்டம்பர் மாதா திருநாளுக்கு எந்திரம் கோயிலுக்குப் போனது. நான்கு ஞாயிறு அவள் சுற்றினாள். பிறகு பாடகர் குழுத் தலைவர் சவரிராயன் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, நீங்க சிரமப்பட வேணாம் லா. வேற ஆள் போட்டுட்டோம்."

"எனக்கென்ன சிரமம்?"

"கை நடுங்குது அக்கா. பாக்குறவங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

அவள் கணவரைப் பார்த்தாள். ஊரே புகழ்ந்த எந்திரம் இனி தடங்கலில்லாமல் ஓடும் என்ற நினைப்பில் இருந்தார் அவர். "அவர் சொல்றதும் சரிதான். யாரு சுத்துனாலும் அதே பாட்டுதானே."

"அப்ப அதுல நான் எங்கங்க இருக்கேன்?"

அடுத்த வாரம் அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். புது ஆள் யாருக்கும் காத்திராமல் ஒரே வேகத்தில் சுற்றினான். எல்லோரும் பாட்டைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். அவள் வாய் திறக்கவில்லை. வீட்டிலும் அதற்குப் பிறகு ஒரு வரிகூட முணுமுணுக்கவில்லை.

தான் செய்தது அருளானந்தத்துக்கு உறைக்க மாதங்கள் ஆயின. எந்திரத்தைத் திருப்பிக் கேட்டார்.

"கோயிலுக்குக் குடுத்ததக் கேக்கறீங்களே, நல்லாவா இருக்கு அண்ணே?" என்றார் சவரிராயன்.

"அது அவ ஆர்மோனியம்."

"இப்ப எல்லாருக்கும் பொது."

வீட்டுக்கு வந்து சொன்னார். "விடுங்க, வந்து என்ன ஆகப்போகுது?" என்று அவள் திரும்பிப் படுத்தாள்.

1966இல் அவள் இறந்தாள். அடக்கப் பூசையில் எந்திரம் வேண்டாம் என்று அருளானந்தம் மன்றாடியும், அவளுக்குச் செய்யும் மரியாதை என்று சொல்லி ஓட்டினார்கள். வெளியே வந்ததும் நான்கைந்து பேர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, எந்திரம் நன்றாக அமைந்திருக்கிறது என்றார்கள்.

மறுவருடம் நகரின் வேறொரு பக்கம், குவீன்ஸ்டவுனில் ஓர் அறை வீடு கிடைத்துப் போனார். பக்கத்துக் கோயிலில் பாட்டெல்லாம் ஆங்கிலத்தில். அவருக்கு ஒரு சொல்லும் புரியாது. அங்கேதான் கடைசிவரை பூசைக்குப் போனார்.