கத்த முடிந்தவர்களை விட்டோம்

செய்தி வந்தபோது நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு நோயாளியின் முதுகுப்புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தேன். யோகராணி மிஸ்ஸி நித்திரையிலேயே போய்விட்டார் என்று அவருடைய தம்பி தொலைபேசியில் சொன்னார். கட்டை முடித்துவிட்டுத்தான் எழும்பினேன். யோகராணியும் அப்படித்தான் செய்திருப்பார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதிகளாக, நோயாளிகள் வாயில் 'மிஸ்ஸி'களாக, இருந்து ஓய்வுபெற்ற பின் நாங்கள் இருவரும் ஒரே தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தோம். படுக்கையாகிவிட்ட புற்றுநோயாளிகளை வீடு தேடிப்போய், புண் கழுவி, வலிமருந்து கொடுக்கும் வேலை. அரசாங்க மானியத்தில் ஒரு வான் வண்டி ஓடியது, ஒரு டாக்டரும் இருந்தார். திடீரென்று மானியத்தை நிறுத்தினார்கள். காரணம் கேட்கப் போன எங்களுக்கு அதிகாரி தேநீர் தந்தார். "நீங்கள் செய்வது தொண்டுதானே, தொண்டுக்கு எதற்குச் சல்லி?" என்று சிங்களத்தில் மரியாதையாகவே கேட்டார். "உங்களுக்கு நோய் வரும்போது கேளுங்கள், சொல்கிறேன்" என்று யோகராணியும் சிங்களத்தில், அதே மரியாதையோடு சொல்லிவிட்டு எழும்பினார். தேநீரைத் தொடவில்லை.

வான் போனது. டாக்டரும் போனார். மிஞ்சியது நாங்கள் இருவரும் பஸ்ஸும். எல்லா வீடுகளுக்கும் போக முடியாது. யாரை விடுவது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்தான் சொன்னார்: "கத்த ஏலுமானவையை விடுவம். கத்தினா பக்கத்து வீட்டுக்காரராவது வருவினம். கத்த ஏலாதவையிட்ட நாங்கள் போவம்."

போனில் அறிவித்துவிடலாம் என்றேன். "போனில சொன்னா அவையள் எங்களை முகத்துக்கு நேர ஏச ஏலாதெல்லே" என்றார்.

கொட்டாஞ்சேனையில் ஸ்டெல்லாவின் வீட்டுக்குச் சேர்ந்தே போனோம். அவளுடைய தாய்க்குக் கர்ப்பப்பையில் புற்று. இனி வரமாட்டோம் என்பதையும் ஏன் என்பதையும் யோகராணி மறைக்காமல் சொன்னார்.

"ஏன் மிஸ்ஸி, எங்கம்மாவுக்குச் சுகமாயிருச்சா? இல்ல செத்துட்டாங்களா?" என்று ஸ்டெல்லா கேட்டாள். பிறகு தெருவே கேட்க ஏசினாள். அவள் ஓயும்வரை யோகராணி வாசலிலேயே நின்றார்.

மலர்ச்சாலையில் யோகராணியின் உடல் கிடந்தபோது ஸ்டெல்லா வந்தாள். பூ கொண்டுவரவில்லை. என்னைத் தனியே அழைத்தாள்.

"மிஸ்ஸி எப்படிப் போனாங்க?"

"நித்திரையில."

"எங்கம்மா கத்திக் கத்தித்தான் போனாங்க. பக்கத்து வீட்டுக்காரங்களும் வந்தாங்க. கதவ மூடச் சொல்லிட்டுப் போயிட்டாங்க."

யோகராணி செய்த தெரிவு சரி என்று இந்த அஞ்சலிக் குறிப்பில் எழுத மாட்டேன். அவரை அறிந்த உங்களில் பலர் அவரைத் தெய்வம் என்கிறீர்கள். ஸ்டெல்லாவையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இப்போது நான் ஒருத்திதான். இன்னும் சில வீடுகளை விட வேண்டும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: நேரில் போய்ச் சொல்வது. இனி வரமாட்டேன் என்று சொல்லத்தான் நேற்றுக் கல்கிசையில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். மகன் திறந்தார்.

"வாங்கோ மிஸ்ஸி. நீங்கள் வருவீங்களெண்டு அம்மா விடியவே முழிச்சுப் பாத்துக்கொண்டு கிடக்கிறா" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.