கண்டக்டர் பக்கம் மட்டும் திரும்பிய கழுத்து

‘முழு உடம்பு’ அக்காவின் இரண்டு கைகளும் பஸ் டிரைவரின் குதிகாலைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தன. அவனுக்கு வலி கழுத்தில்.

“அக்கா, கழுத்து மேல இருக்கு.”

“தெரியும். ஓடிப் போயிடாது. சும்மா படு.”

அக்கா செய்வது ஆஸ்டியோபதி. எலும்பு, தசை, நடை, மூச்சு என்று உடம்பை ஒன்றாக வைத்துக் கையாலேயே பார்க்கும் வைத்தியம். பல்வலி என்று போனாலும் பாதத்தைத்தான் பிடிப்பாள் என்று தெருவே கேலி பேசும். ‘முழு உடம்பு’ என்ற பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மறுநாள் காலை டிரைவருக்கு உடல்தகுதிச் சோதனை. கழுத்து வலப்பக்கம் திரும்பாவிட்டால் வேலை போய்விடும்.

இடுப்பு இளகியது, விலா இளகியது. கழுத்து மட்டும் அடம்பிடித்தது.

“நீ வண்டியில எப்படி உட்காருவேன்னு நான் பாக்கணும்” என்றாள் அக்கா.

டிரைவர் எழுந்து போனான். திரும்பி வந்தபோது, அவனும் அவனோடு வேலை செய்யும் கண்டக்டரும் பஸ்ஸின் டிரைவர் சீட்டையே கழற்றித் தூக்கிவந்திருந்தார்கள்.

“நாற்காலியில உட்கார்ந்து காட்டினா போதாதா?”

“நீங்கதானே எல்லாத்தையும் சேர்த்துப் பாக்கணும்னு சொல்வீங்க? பஸ் வாசல்ல நுழையாது, அதான்.”

டிரைவர் சீட்டில் அமர்ந்தான். பழக்கதோஷத்தில் கண்டக்டர் அவனுக்கு இடப்பக்கம் போய் நின்றான்.

“தூக்கினது நான். நோவு மட்டும் இந்தத் துரைக்கு!”

“நீ எங்கடா தூக்கின? தொட்டுக்கிட்டு வந்த!” டிரைவரின் கழுத்து சட்டென்று இடப்பக்கம் சுழன்றது.

அக்கா கவனித்தாள். “எத்தனை நாளா இந்தச் சண்டை?”

“வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து” என்றார்கள் இருவரும், ஒருவித பெருமையோடு.

அவள் கண்டக்டரைத் தோளைப் பிடித்து வலப்பக்கம் நகர்த்தினாள். “இப்ப திட்டு.”

“நீ பிரேக் போடுறியா, இல்ல பழி வாங்குறியா?”

அவள் கைக்கடியில் விலா விரிந்தது. கழுத்து, துருப்பிடித்த குழாய் போல, கொஞ்சம் திரும்பியது. பொழுது சாயும்வரை கண்டக்டர் திட்டினான், அக்கா தோளை நீவினாள். பக்கத்து வீட்டுக்காரர் சமாதானம் பேச வந்து, சற்று நேரம் கேட்டுவிட்டு, தன் பங்குக்கு இரண்டு வசவு எடுத்துக்கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அக்காவும் கண்டக்டரும் கூடப் போனார்கள். சோதனை அறைக்குள் கண்டக்டரை விடவில்லை. அவன் சுற்றிக்கொண்டு வலப்பக்க ஜன்னலுக்கு வெளியே போய் நின்று திட்ட ஆரம்பித்தான். டிரைவர் விருட்டென்று திரும்பிப் பதில் கொடுத்தான்.

டாக்டர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். “இப்ப சண்டை போடாம திரும்புங்க.”

அக்கா வாசலில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் மூச்சை விட்டான். மெதுவாகத் திரும்பினான். மோவாய் தோளுக்கு நேராக வந்து நின்றது.

டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்தார். கண்டக்டர் இன்னும் திட்டிக்கொண்டிருந்தான்.