தலையில் சாயம், குழாயில் காற்று

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்று காலை எங்கள் தீவின் டெலானிபூர் ஏற்றத்தில், தலை முழுக்கக் கறுப்புச் சாயத்தோடு வாளி தூக்கி நின்றவன் நான்தான்.

சாயம் பூசி முடித்ததும் குழாய் நின்றுவிட்டது. தண்ணீர் திறந்துவிடும் ஆளுக்குப் போன் செய்தேன்.

"பானி கல் ஆயேகா, அண்ணா" என்றார்.

நாளை தண்ணீர் வரும் வரை காத்திருந்தால் என் நெற்றியும் சேர்ந்து இளமையாகிவிடும்.

நாலு பக்கமும் கடல். ராத்திரி முழுக்க மழை. பெய்ததெல்லாம் சரிவில் இறங்கிக் கடலுக்கே ஓடிவிட்டது. என்ன ஊரோ இது.

பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா கச்சால் தீவிலிருந்து வந்தவர். தகரக் கூரை ஓரத்தில் டிரம் வைத்து மழைத்தண்ணீர் பிடிப்பார். கொசுப் பண்ணை என்று நான் கேலி செய்யும் அதே டிரம்.

"என்ன தம்பி, கொசுப் பண்ணைப் பக்கம்?"

"ஒரு வாளி போதும், அக்கா."

"ரெண்டா எடுத்துக்குங்க. காதுலயும் வழியுது."

அலசியாகிவிட்டது. காது மட்டும் இன்னும் கறுப்பு. இந்த ஊர்த் தண்ணீரைத் திட்ட விரும்புகிறவர்கள் கமெண்டில் வரிசையாக வரலாம்.

எங்கள் வீட்டிலும் ஒரு கிணறு இருந்தது. கார் நிறுத்த இடம் போதவில்லை என்று போன வருஷம்தான் சிமெண்ட் போட்டு மூடினேன்.