வயிறெரிந்த சம்பந்தி

அற்புதராணிக்கு வந்த நெஞ்செரிவு, திரும்பிப் போக மறந்த விருந்தாளி மாதிரி. குருநகரில் பள்ளிச் சீருடையோ தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கும் பிள்ளைகளின் உடுப்போ அவளுடைய தையல் மெசினில்தான் பிறக்கும். நாள் முழுக்கக் குனிந்து தைப்பவளுக்கு, பொழுதுபட்டால் புளித்தண்ணீர் தொண்டைவரை ஏறி எட்டிப்பார்க்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்துச் சரிவாகப் படுப்பாள்.

"அம்மா படுக்கேல்லை, வள்ளம் இறக்கிறா" என்பான் மகன் பிரகாஸ். நாடே காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றபோது, "எங்கடை வீட்டிலை மட்டும் காஸ் குறையேல்லை" என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தவனும் அவன்தான். நெஞ்செரிவுக் குளிசை முடிந்தால் கேளாமலே வாங்கி வருகிறவனும் அவன்தான்.

வெளியே சாப்பிடுவதுதான் அவளுக்குப் பெரும் போர். எங்கள் ஊர்களில் விருந்தாளி "போதும்" என்றால் அது மறுப்பு அல்ல. இன்னொரு அகப்பை வார்க்கச் சொல்லும் உத்தரவு. ஆகவே புறப்பட முன் குளிசையைப் போட்டு, இரண்டு பிஸ்கற்றும் கடித்துக்கொள்வாள். பாவாடைக் கயிற்றைத் தளர்த்திக் கட்டுவாள். பஸ்ஸில் நிமிர்ந்தே இருப்பாள். கறியை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டுச் சோற்றை மெல்ல மெல்ல மெல்லுவாள். சாப்பிட்டதும் சரியாமல், "உங்கடை மாமரத்தைப் பாப்பம்" என்று வளவுக்குள் நடப்பாள். மரத்தில் பிரியமான மனுசி என்று நினைத்துக் கன்று கொடுத்து அனுப்பியவர்களும் உண்டு.

இத்தனை தந்திரங்களும் வல்வெட்டித்துறையில் தோற்றன.

பிரகாசுக்குக் கலியாணம் பேசி முடிக்கப் போன நாள் அது. றொசாந்தியோடு போனில் கதைத்துக் கதைத்து அவனுக்குக் காதே சிவந்து கிடந்தது. இது குழம்பினால் பிள்ளை உடைந்துபோவான் என்று தாய்க்குத் தெரியும். பெண்ணின் தகப்பன் அடைக்கலநாதனோ பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சி வைத்துக் காத்திருந்தார். நண்டு, இறால், பழப்புளி, செத்தல் மிளகாய் என்று டொக்டர் தொடவேண்டாம் என்றதெல்லாம் ஒரே பானைக்குள் கொதித்தது.

"குருநகராளிட்டைக் கூழுக்குப் பேர் வாங்கவேணும் எண்டு காலமை தொடக்கம் அடுப்படியிலை நிக்கிறன். குடியுங்கோ தங்கச்சி!"

மறுத்தால் சம்பந்தம் பிடிக்கவில்லை என்றாகிவிடும். குடித்தாள். அவர் கதைத்தபடியே இன்னும் வார்த்தார்.

"இந்த வீடு பிள்ளைக்குச் சீதனம். கலியாணம் முடிஞ்சா தம்பி இஞ்சை வந்திருக்கட்டும்."

அது ஊர் வழக்கம்தான். அவளும் தெரிந்தே வந்தவள். ஆனால் கூழுக்கு நேரம் காலம் தெரியாது. நெருப்பு மேலே ஏற, வயிற்றைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். பெண்ணின் சித்தி மேர்சி பின்னால் வந்தாள்.

"என்ன மச்சாள்?"

"வயிறெரியுது மேர்சி. தாங்கேலாமல் கிடக்கு."

மேர்சி உள்ளே போய்ச் சொன்னாள்: "பெடியன்ரை தாய்க்கு வயிறெரியுதாம். வீட்டுக் கதை எடுக்கத்தான் எழும்பினவ."

கலியாணம் பேசுகிற இடத்தில் பெற்றவள் வயிறெரிகிறது என்றால், அது சாபத்துக்குப் பக்கத்து வீடு. அடைக்கலநாதன் அகப்பையைக் கீழே வைத்தார்.

"பெத்தவளின்ரை வயித்தெரிச்சலோடை என்ரை பிள்ளைக்கு ஒரு கலியாணமும் வேண்டாம்."

"ஐயோ மாமா, அது காஸ்!" என்று பிரகாஸ் துள்ளி எழுந்தான்.

"பகிடி விடுற நேரமே தம்பி இது?"

வாழ்நாள் முழுக்கப் பகிடி விட்ட வாயிலிருந்து உண்மை வந்தாலும் பகிடி மாதிரித்தான் இருந்தது.

றொசாந்தி குசினிக்குள் போய், ஆறின கஞ்சியை எடுத்துக்கொண்டு வளவுக்கு வந்தாள்.

"மாமி, கூழாலை எரியுதோ, மகனாலை எரியுதோ?"

அற்புதராணி ஒரு மிடறு குடித்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ரெண்டும்தான் பிள்ளை. கூழுக்குக் குளிசை இருக்கு. அவன் இல்லாத வீட்டுக்கு மருந்தில்லை. ஆனா உங்களிலை எனக்கு எரிச்சல் இல்லை. அவனுக்கு உன்னைத்தான் பிடிச்சிருக்கு, எனக்கும்தான்."

பெண் விறுவிறென்று உள்ளே போனாள்.

"அப்பா, மாமிக்குப் புளி ஆகாது. புளியை வார்த்து வார்த்துக் குடுத்திட்டு அந்த மனுசி சாபம் போடுறா எண்டுறியளே!"

அடைக்கலநாதன் தலையைச் சொறிந்தபடி வெளியே வந்தார்.

"முதலே சொல்லியிருக்கலாமே தங்கச்சி?"

"சொன்னா விட்டிருப்பியளோ அண்ணை?"

மனுசன் நேர்மையாக யோசித்தார்.

"இல்லை. ஒரு அகப்பை குறைச்சிருப்பன்."

பிறகு இருந்து கதைத்தார்கள். தை பிறக்கக் கலியாணம் என்று முடிவானது. முதல் மாதம் குருநகரில் இருப்பது என்று றொசாந்தி சொன்னாள், தகப்பன் மறுக்கவில்லை. அற்புதராணியின் கண் கலங்கியது. சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"என்ன மச்சாள், இப்ப எங்கை எரியுது?" என்று மேர்சி பதறினாள்.

"ஒரு இடமும் எரியேல்லை" என்றாள் அற்புதராணி. "எரிஞ்சாலும் உனக்குச் சொல்லமாட்டன்."